மளிகைக் கடையில் கூப்பனைப் பயன்படுத்துவது எப்படி: வேலூரில் புதிதாகக் குடித்தனம் தொடங்குகிறவர்களுக்கு

காட்பாடிப் பக்கம் கல்லூரி வேலைக்கு வருகிறவர்கள், சி.எம்.சி.யில் நர்ஸாகச் சேருகிறவர்கள், ராணிப்பேட்டை சிப்காட்டுக்குத் தினமும் போய்வருகிறவர்கள், கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வந்தவர்கள் என வேலூரில் புதிதாக அடுப்பு மூட்டுகிறவர்களுக்குக் குறைவில்லை. முதல் மாத மளிகை பில் வந்ததும் பலரும் கேட்பது இதுதான்: "கூப்பன், ஆஃபர், கேஷ்பேக் என்கிறார்களே, அதை எங்கிருந்து ஆரம்பிப்பது?" அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

யூட்யூபில் அமெரிக்கக் குடும்பங்கள் கட்டுக்கட்டாகக் கூப்பன் வெட்டி, வண்டி நிறையப் பொருள் எடுத்து, சில டாலர் மட்டும் கொடுத்துவிட்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாளோடு கூப்பன் தாள் வரும். பொருளைத் தயாரிக்கும் நிறுவனம் கொடுத்த கூப்பனையும் கடை கொடுத்த கூப்பனையும் பல கடைகளில் ஒரே பொருளுக்குச் சேர்த்துப் போடலாம். நம் ஊரில் அந்த ஏற்பாடு இல்லை. நமக்கு இருப்பது எம்.ஆர்.பி. அதற்கு மேல் விற்கக் கூடாது என்பதுதான் சட்டம். அதற்குக் கீழே எந்த விலைக்கும் விற்கலாம். பருப்பு, எண்ணெய், மசாலா போன்ற பொருள்களில் எம்.ஆர்.பி. ஒன்றாகவும் கடைத்தெருவில் நடக்கும் விலை வேறாகவும் இருப்பது சாதாரணம். 'எம்.ஆர்.பி.யில் 30% தள்ளுபடி' என்று அட்டை தொங்கினால் அதில் உங்களுக்கு எவ்வளவு மிச்சம் என்பதை அந்த அட்டை சொல்லாது. கடைத்தெரு விலை தெரிந்தால்தான் தெரியும். அதனால் விலையைத் தெரிந்துகொள்வது முதல் வேலை, கூப்பன் கடைசி வேலை. இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

முதல் மாதம்: விலை நோட்டு

முதல் மாதம் எந்தச் செயலியையும் இறக்க வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, உங்கள் வீட்டில் மாதாமாதம் தீரும் பொருள்களை மட்டும் எழுதுங்கள். அரிசி, துவரம் பருப்பு, உளுந்து, பாசிப்பருப்பு, சர்க்கரை, எண்ணெய், புளி, மிளகாய், மல்லி, டீத்தூள், கோதுமை மாவு, ரவை, குளியல் சோப்பு, துணி சோப்புத்தூள், பற்பசை. பொருளுக்கு ஒரு பக்கம். தேதி, கடை, எடை, கொடுத்த விலை, கடைசியாகக் கிலோவுக்கு என்ன விழுந்தது என்பது. போனில் எழுதினாலும் சரிதான். ஆனால் கடையில் கை நிறையப் பையோடு நிற்கும்போது நோட்டைப் புரட்டுவது எளிது என்பது என் அனுபவம்.

கிலோ விலைதான் இதில் உயிர். பாக்கெட்டின் எடையை நிறுவனங்கள் தங்கள் விருப்பம்போல் வைத்துக்கொள்ளலாம் என்று இப்போது ஆகிவிட்டது. இன்ன இன்ன அளவில்தான் அடைக்க வேண்டும் என்று முன்பு இருந்த பட்டியலை நீக்கிவிட்டார்கள். அதற்குப் பதிலாக, எம்.ஆர்.பி.க்குப் பக்கத்திலேயே அலகு விலையை அச்சடிக்கச் சொல்கிறது விதி. ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட் என்றால் கிராமுக்கு எவ்வளவு என்றும், அதற்கு மேல் என்றால் கிலோவுக்கு எவ்வளவு என்றும் சின்ன எழுத்தில் இருக்கும். தேடிப் பாருங்கள். அது எம்.ஆர்.பி.யை வைத்துப் போட்ட கணக்கு, தள்ளுபடிக்குப் பிறகு நீங்களே வகுத்துப் பார்க்க வேண்டும்.

எண்ணெயில் இது நன்றாகத் தெரியும். ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் சுமார் 910 கிராம் எடை. அலமாரியில் அதே உயரத்தில், அதே நிறத்தில் 850 கிராம், 800 கிராம் பாக்கெட்டும் நிற்கும். பேச்சுக்கு ஒரு கணக்கு: ஒரு லிட்டர் பாக்கெட் 155 ரூபாய், 800 கிராம் பாக்கெட் 142 ரூபாய். பார்த்தால் இரண்டாவதுதான் மலிவு. கிலோவுக்கு வகுத்தால் முதலாவது 170, இரண்டாவது 177.50. இரண்டாவதற்கு 5 ரூபாய் கூப்பன் இருந்தாலும் 171க்கு மேல்தான் நிற்கிறது. கூப்பன் இருக்கிறது என்பதற்காக அதை எடுத்தால் நஷ்டம்.

அப்புறம் அரிசி. நம் பக்கம் ஆரணி அரிசிக்குத் தனி மரியாதை உண்டு. மாதச் செலவில் பெரிய துண்டும் அதுதான். 2022 ஜூலை 18 முதல், அச்சடித்த பையில் அடைத்து விற்கும் 25 கிலோ வரையான அரிசிக்கு 5% ஜி.எஸ்.டி. உண்டு. அதற்கு மேற்பட்ட மூட்டைக்கு இல்லை. அதன் பிறகுதான் கடைகளில் 26 கிலோ மூட்டை வந்தது. மூட்டை விலையை மட்டும் கேட்டு இரண்டு கடையை ஒப்பிடாதீர்கள். எத்தனை கிலோ என்று கேட்டு வகுத்துப் பாருங்கள். புது அரிசியா பழைய அரிசியா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். புது அரிசி குழைந்துபோகும், விலையும் குறைவாக இருக்க வேண்டும். 5 கிலோ அரிசிப் பைக்குச் செயலியில் வரும் கூப்பன், நல்ல மண்டி விலையை வெல்வது அபூர்வம்.

இந்த மாதத்திலேயே ஒரு நாள் காலையில் லாங்கு பஜார், மண்டித் தெரு பக்கம் போய்வாருங்கள். கூட்டம் சேர்வதற்கு முன்னால் போனால் வண்டி நிறுத்த இடம் கிடைக்கும், கடைக்காரரும் நின்று பேசுவார். வாங்க வேண்டும் என்றுகூட இல்லை. "அண்ணே, துவரம் பருப்பு அஞ்சு கிலோ எடுத்தா என்ன விலை போடுவீங்க?" என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டு வந்தால் போதும். அந்த எண்தான் உங்கள் அளவுகோல். சத்துவாச்சாரியிலிருந்தோ பாகாயத்திலிருந்தோ ஆட்டோவில் போய்வந்தால் அந்தச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தனியாக இருப்பவர், மாதம் இரண்டு கிலோ பருப்பு வாங்குகிறவர் என்றால் தெருமுனைக் கடையே உங்களுக்கு மலிவு.

இரண்டாம் மாதம்: நம் ஊரில் கூப்பன் எந்த உருவத்தில் வருகிறது

பில்லின் அடியில் அச்சாகி வருவது ஒன்று. 'அடுத்த முறை 1,000 ரூபாய்க்கு வாங்கினால் 50 ரூபாய் தள்ளுபடி' என்பது போல. பெரிய கடைகளில் போன் எண்ணைச் சொன்னால் புள்ளிகள் ஏறும். கழிக்கச் சொல்லி நீங்கள் கேட்டால்தான் பல இடங்களில் கழிப்பார்கள். புள்ளிக்கும் கெடு தேதி உண்டு. மாதக் கடைசியில் ஒரு முறை பாக்கி எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள்.

பாக்கெட்டோடு வரும் இலவசம் இன்னொன்று. டீத்தூளோடு டப்பா, சோப்புத்தூளோடு பக்கெட், '20% கூடுதல்' என்று அச்சடித்த பற்பசை. கூடுதல் எடை தருவது எப்போதும் நல்லது, கிலோ விலையில் நேராகத் தெரியும். பொருளாக வரும் இலவசம் வீட்டுக்குத் தேவையென்றால் மட்டுமே லாபம். 'இலவசம்' என்று பாக்கெட்டில் அச்சடித்திருந்து கையில் கொடுக்கவில்லை என்றால் கூச்சப்படாமல் கேளுங்கள். அது உங்களுக்குச் சேர வேண்டியது.

மூன்றாவது, செயலியில் போடும் கூப்பன் குறியீடு. எந்தச் செயலி உங்கள் தெருவுக்கு வருகிறது என்று பின்கோடு போட்டால்தான் தெரியும். நகரத்துக்குள் வருவது அணைக்கட்டுக்கோ ஒடுகத்தூருக்கோ வராமல் போகலாம். முதல் ஆர்டருக்குத் தரும் கூப்பன்தான் பெரும்பாலும் பெரிது. அதை ஒரு பாக்கெட் பிஸ்கட்டில் செலவழித்துவிடாமல், மாத லிஸ்ட் கையில் இருக்கும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, வங்கி அட்டைத் தள்ளுபடியும் யு.பி.ஐ. கேஷ்பேக்கும். கடைக் கூப்பன் ஒரு பில்லுக்கு ஒன்றுதான் என்று இருந்தாலும், வங்கித் தள்ளுபடியை அதற்கு மேல் சேர்க்க விடுவார்கள் பல இடங்களில். நம் ஊரில் இரண்டு தள்ளுபடி ஒன்றாகக் கிடைக்க இருக்கும் வழி இதுதான். கடன் அட்டை என்றால் கெடு தேதிக்குள் முழுத் தொகையும் கட்டிவிட வேண்டும், இல்லையென்றால் வட்டி அத்தனையையும் தின்றுவிடும்.

வேலை செய்யும் இடத்தில் உணவுக் கூப்பன் கொடுக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். சோடெக்ஸோ என்ற பெயரில் முன்பு வந்தது, இப்போது ப்ளக்ஸி என்று வருகிறது. அதை ஏற்கும் மளிகைக் கடைகளும் உண்டு, பில் போடுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

தெருமுனை அண்ணாச்சி கடையில் கூப்பன் கிடையாது. ஆனால் "மாசாமாசம் லிஸ்ட்டை உங்ககிட்டயே கொடுத்திடுறேன், விலை பார்த்துப் போடுங்க" என்று சொல்லிப் பாருங்கள். எம்.ஆர்.பி.யில் இரண்டு மூன்று ரூபாய் குறைத்து, வீட்டுக்கே பையனிடம் அனுப்பி, பருப்பு சரியில்லை என்றால் மறுநாள் மாற்றியும் கொடுப்பார். இதற்குக் குறைந்தபட்சத் தொகை இல்லை, கெடு தேதி இல்லை. நான் இதைப் பல கூப்பன்களுக்கு மேலாக மதிக்கிறேன்.

கணக்கு போடும் விதம்

கூப்பனில் மூன்று எண்களைப் பாருங்கள். குறைந்தபட்சம் எவ்வளவுக்கு வாங்க வேண்டும், அதிகபட்சம் எவ்வளவு கழியும், கெடு எப்போது.

'1,500 ரூபாய்க்கு வாங்கினால் 150 தள்ளுபடி' என்று ஒன்று வந்திருக்கிறது என்று வையுங்கள். உங்கள் லிஸ்ட் 1,180 ரூபாய்தான். இன்னும் 320 ரூபாய்க்கு என்ன எடுக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அடுத்த மாதம் எப்படியும் வாங்கப்போகிற சோப்புத்தூளும் பற்பசையும் எடுத்தால் 150 ரூபாய் நிஜமாகவே மிச்சம். சிப்ஸும் குளிர்பானமும் எடுத்தால் 1,180 செலவாக வேண்டிய இடத்தில் 1,350 செலவாகியிருக்கும். பில்லில் 'நீங்கள் சேமித்தது 150 ரூபாய்' என்றுதான் அச்சாகும். உண்மையில் 170 ரூபாய் அதிகம் போயிருக்கிறது.

'20% தள்ளுபடி, அதிகபட்சம் 100 ரூபாய்' என்பது வேறு வகை. 500 ரூபாய்க்கு வாங்கினாலே 100 ரூபாய் தீர்ந்துவிடும். 2,000 ரூபாய்க்கு வாங்கினால் கிடைப்பது 5% மட்டும். இப்படிப்பட்ட கூப்பனில் சரியாக 500 ரூபாயை ஒட்டி ஒரு பில் போட்டுவிட்டு, மீதியை வேறு கடையில் வாங்குவதே சரி.

கடைசியாக, மொத்த லிஸ்ட்டையும் ஒரு முறை ஒப்பிட்டுப் பாருங்கள். அதே 1,180 ரூபாய் லிஸ்ட்டுக்கு 10% கூப்பன் போட்டால் 1,062. உங்கள் நோட்டில் மண்டித் தெரு விலையில் அது 1,040 என்று வந்தால் கூப்பனை விட்டுவிடலாம். 22 ரூபாய்க்காக அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்று தோன்றினால் கூப்பனை எடுத்துக்கொள்ளலாம். தெரிந்து செய்தால் இரண்டுமே தப்பில்லை.

செயலியில் வாங்கும்போது பணம் கட்டும் பக்கம் வரை போய்ப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். டெலிவரி கட்டணம், கையாளும் கட்டணம், சின்ன ஆர்டர் கட்டணம் என்று அங்கேதான் ஏறும். ஏதாவது ஒரு பொருள் இருப்பில் இல்லை என்று நீக்கிவிட்டால் மொத்தம் குறைந்து கூப்பனும் போய்விடக்கூடும். அதனால் குறைந்தபட்சத் தொகைக்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு ஆர்டர் போடுங்கள்.

எதை அதிகமாக வாங்கி வைக்கலாம்

'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' வரும்போது வேலூர் வெயிலை நினைத்துக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசியில் சமையலறை அலமாரியே கொதிக்கும். ரவை, மைதா, கோதுமை மாவு எல்லாம் பூச்சி பிடிக்கும். ஆஃபரில் கிடைத்தது என்று நாலு பாக்கெட் ரவை வாங்கி இரண்டைக் கொட்டினால் மிச்சம் எங்கே? மாவு வகைகள் ஒரு மாதத் தேவைக்கு மேல் வேண்டாம். ரவையை வாங்கியதும் வெறும் வாணலியில் லேசாக வறுத்து, ஆறியதும் டப்பாவில் அடைத்தால் தாங்கும். பருப்பை ஒரு நாள் வெயிலில் காயவைத்து, இரண்டு வற்றல் மிளகாய் போட்டு வைத்தால் வண்டு அண்டாது. சோப்பு, துணி சோப்புத்தூள், பற்பசை, நாப்கின் இவைதான் ஆஃபரில் மொத்தமாக வாங்கத் தோதானவை. கெட்டுப்போகாது, விலையும் பாதிக்கு அருகில் வரை இறங்கும்.

ஆஃபர் கூடையில் கிடக்கும் பொருளுக்குத் தயாரித்த தேதியைப் பாருங்கள். 'தயாரித்த நாளிலிருந்து 6 மாதம்' என்று இருந்தால் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டே கூடையில் போடுங்கள்.

சில பொருளுக்குக் கூப்பனைவிடப் பருவம் பெரிது. மாசி, பங்குனியில் புதுப்புளி வரும். வருஷத்துக்கு வேண்டியதை அப்போது வாங்கி, கொட்டை நீக்கி, உப்புச் சேர்த்துப் பானையில் அடைத்துவைக்கும் வழக்கம் நம் பக்கம் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. வற்றல் மிளகாயும் கோடைக்கு முன்பே வரத் தொடங்கிவிடும். பெரிய கடைகள் ஜனவரி 26, ஆகஸ்ட் 15, தீபாவளி ஒட்டிப் பெரிய தள்ளுபடி வைக்கும். சோப்பு வகையறாவை அதற்கு ஒதுக்கி வையுங்கள்.

கூப்பனே தேவைப்படாத இடங்கள்

ரேஷன் அட்டை இருந்தும் வாங்காமல் விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அரிசி அட்டைக்கு அரிசி இலவசம். சர்க்கரை கிலோ 25 ரூபாய், துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். எந்தச் செயலியும் இந்த விலைக்குத் தராது. வேறு ஊரிலிருந்து வந்திருந்தால் இ-சேவை மையத்தில் முகவரி மாற்றத்துக்கு எழுதிக் கொடுங்கள்.

காய்கறிக்கு உழவர் சந்தை. 1999இல் தொடங்கிய திட்டம். டோல்கேட்டிலும் காட்பாடியிலும் இருக்கிறது. அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போட்டிருப்பார்கள், அதையும் உங்கள் நோட்டில் ஏற்றுங்கள். காலையில் போனால் 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் இலவம்பாடி முள் கத்தரிக்காய் கிடைக்கும் நாளும் உண்டு. எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு அதற்கு ஈடு வேறில்லை. 'தக்காளி கிலோ 1 ரூபாய்' என்று செயலியில் வந்தால் அது எத்தனை ரூபாய் ஆர்டரோடு கிடைக்கும் என்று படியுங்கள். கற்பகம் கூட்டுறவு சிறப்பங்காடி விலையையும் ஒரு முறை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பட்டாசுக்காகத் தீபாவளிக்கு மட்டும் அங்கே போகிறவர்கள் மளிகைப் பக்கமும் எட்டிப் பார்க்கலாம்.

சீட்டு விஷயத்தில் கவனம்

மளிகைச் சேமிப்பு என்று பேசினால் வடாற்காட்டில் தீபாவளிச் சீட்டைப் பேசாமல் இருக்க முடியாது. மாதம் 500, 1,000 என்று கட்டினால் தீபாவளிக்கு அரிசி, எண்ணெய், மளிகைச் சாமான், பட்டாசு, இனிப்பு, கூடவே ஒரு பாத்திரமோ வெள்ளிக் காசோ என்பார்கள். அக்கம்பக்கத்தில் பல வருஷமாக நாணயமாக நடத்துகிறவர்கள் உண்டு. பணத்தைச் சுருட்டிக்கொண்டு போனவர்களும் உண்டு. கூலி வேலை செய்து கட்டிய பெண்கள் தீபாவளி வாரத்தில் பூட்டிய கடை முன்னால் நின்றதை இந்தப் பக்கத்து ஆட்கள் மறக்க மாட்டார்கள். சேருவதற்கு முன் கணக்குப் போடுங்கள். கட்டும் மொத்தத் தொகைக்கு அதே பொருள்களை உங்கள் நோட்டு விலையில் வாங்கினால் எவ்வளவு ஆகும்? தருவதாகச் சொல்வது அதைவிட மிக அதிகமாக இருந்தால், அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்று கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் சேர வேண்டாம். அஞ்சலகத்தில் ஒரு தொடர் வைப்புக் கணக்குப் போட்டு, மாதாமாதம் அதே தொகையைக் கட்டிவந்தால் பணம் பத்திரமாக இருக்கும். தீபாவளிக்கு ரொக்கமாக வேண்டுமென்றால் சேமிப்புக் கணக்கிலேயே தனியாக ஒதுக்கி வைக்கலாம்.

வாட்ஸ்அப்பில் 'பண்டிகைக் கூப்பன், 2,000 ரூபாய் மளிகை இலவசம், பத்துப் பேருக்கு அனுப்புங்கள்' என்று வரும் இணைப்பைத் தொடவே வேண்டாம். கேஷ்பேக் வாங்குவதற்கு யு.பி.ஐ. பின் எண்ணைப் போட வேண்டியதில்லை. பின் கேட்டால் உங்கள் கணக்கிலிருந்து பணம் போகப்போகிறது என்று அர்த்தம். ஓ.டி.பி.யும் யாருக்கும் சொல்லக் கூடாது. பணம் போய்விட்டால் உடனே 1930க்கு அழையுங்கள், தாமதிக்கத் தாமதிக்க மீட்பது கடினம்.

பில் போடும் இடத்தில்

கூப்பன் இருப்பதைக் கடைசியில் சொல்லாமல் முதல் பொருளை ஸ்கேன் செய்வதற்கு முன்பே சொல்லுங்கள். முடித்த பில்லைத் திருத்த மேனேஜர் வர வேண்டும், பின்னால் வரிசை நிற்கும், நமக்கே போதும் என்று தோன்றிவிடும். அலமாரியில் ஆஃபர் விலை போட்டிருந்ததைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தால் வாக்குவாதமே வராது. பணம் கட்டிய பிறகு கவுன்ட்டரை விட்டு நகராமல் பில்லைப் பாருங்கள். ஆஃபர் பொருள் ஆஃபர் விலையில்தான் ஏறியிருக்கிறதா, ஒரு பொருள் இரண்டு முறை ஏறியிருக்கிறதா, கூப்பன் கழிந்திருக்கிறதா. தப்பு இருந்தால் அங்கேயே சொன்னால் பெரும்பாலும் சரிசெய்து கொடுத்துவிடுவார்கள். எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கினாலோ, அறிவித்த தள்ளுபடியைத் தர மறுத்தாலோ பில்லையும் பாக்கெட் படத்தையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியலாம். தமிழிலேயே பேசலாம்.